ஐந்தரை மணி மூச்சு

சுண்ணாம்பு மலையின் காலடியில், லிஃப்ட் இல்லாத, ஐந்து மாடிக்கும் ஒரே படிக்கட்டு உள்ள எங்கள் பிளாட்டில், ஒரு மாலை ஐந்து மணி ஏழு நிமிடத்துக்கு நாற்பத்தொரு பேருடைய மூச்சும் ஒன்றாகிப் போனது. அன்றைக்குத் தண்ணீர் வராத நாள், ஏழு மணிக்கு லோரியில் வந்து ஊற்றுவார்கள் என்று வாளிகளோடு வரிசையில் நின்றதால், மூச்சைப் பற்றி யோசிக்க எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், களைப்பில் ஆரம்பித்தது. எங்களில் பாதிப் பேர் கையுறைத் தொழிற்சாலைக்கு விடியற்காலை நாலு மணிக்குப் போய் மாலை நாலு மணிக்குத் திரும்புகிறவர்கள், மீதிப் பேர் அவர்களுக்குச் சமைத்துப் போட்டே அலுத்தவர்கள். பஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் நேரம் பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்ற குணசேகரன், வேலை போனாலும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாதவர், ஒரு நாள் கடைத்தெருவில் சீன மருந்துக்கடைக்கு மூட்டுவலி எண்ணெய் வாங்கப் போனார். அங்கே, செத்துப்போன சின்சே, அதாவது சீன வைத்தியர், ஆ லோக் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு வட்டத்தைப் பார்த்தார். வட்டத்தில் பன்னிரண்டு பங்கு, ஒவ்வொரு பங்குக்கும் இரண்டு மணி நேரம், ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் உடம்பில் ஓர் உறுப்பு. விடியற்காலை மூன்று முதல் ஐந்து நுரையீரல், ஏழு முதல் ஒன்பது இரைப்பை, நண்பகலில் இதயம், மாலை மூன்று முதல் ஐந்து மூத்திரப்பை, ஐந்து முதல் ஏழு சிறுநீரகம் என்று, எந்தக் காலத்திலோ ஒரு தமிழ் நோயாளி ஓரத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். உடம்பையே பஸ் அட்டவணையாகப் போட்டு வைத்திருந்த அந்தத் தாளைப் பார்த்ததும் குணசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டதாம். கடையில் இருந்த பையனிடம் கேட்டு நகல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மூச்சை இழுப்பது நுரையீரல், வேர் பிடித்து வைத்துக்கொள்வது சிறுநீரகம். சிறுநீரகம் தளர்ந்தால் மனிதனுக்கு முதலில் களைப்பு வரும், பிறகு பயம் வரும். அதனால் மாலை ஐந்து மணிக்கு, சிறுநீரகம் திறக்கிற அந்த நிமிடத்தில், இடுப்புக்குப் பின்னால் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நாலு எண்ணி இழுத்து, ஏழு எண்ணி நிறுத்தி, எட்டு எண்ணி விட்டால் தெம்பு ஊறும் என்று அவர் சொன்னார். கார் நிறுத்துமிடத்தில் முதல் நாள் ஆறு பேர் நின்றோம், தைப்பூசத்துக்குள் நாற்பத்தொரு பேர் ஆகிவிட்டோம். நானும் போனேன். பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ கோரெங் என்கிற நூடுல்ஸ் பிரட்டல் கிண்டுகிறவன் நான், பேர் நாகப்பன், தனிக்கட்டை. பிறந்ததிலிருந்து இழுப்பு நோய். மூச்சு வராமல் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, இதுதான் கடைசி என்று நான் நினைத்த ராத்திரிகளை எண்ணினால் என் வயதைவிட அதிகம் வரும். மூச்சு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம், அந்தப் பயத்தோடுதான் போனேன்.

என் எதிர்வீட்டுக் கோகிலவாணியும் வந்தாள். முப்பத்தெட்டு வயது, கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை. கர்ப்பப்பைக்கும் சிறுநீரகம்தான் வேர் என்று அந்தத் தாளில் இருக்கிறது என்றார்கள், வந்து நின்றாள். பயிற்சிக்கு வந்த மூன்றாவது மாதம் அவளுக்குத் தலை சுற்றியது, கர்ப்பம் என்றார்கள். லோரி ஓட்டப் போயிருந்த அவள் புருஷன் தனபாலன், செய்தி கேட்டு ஜொகூரிலிருந்து நேராக ஓட்டி வந்து, பிளாட்டுக்கே பலாப்பழம் அறுத்துக் கொடுத்தான். அவன் மட்டும் பயிற்சிக்கு வந்ததே இல்லை. ஓட்டுகிறவனுக்கு ஐந்து மணி என்பது எந்த ஊரில் வரும் என்று தெரியாது.

அவளுக்கு நாலாவது மாதம் நடக்கும்போதுதான் மூச்சு ஒன்றானது. நாலு எண்ணி இழுத்தோம், ஏழு எண்ணி நிறுத்தினோம், எட்டு எண்ணி விட்டோம், அதற்குப் பிறகு எங்களில் ஒருவரும் தனியாக இழுக்கவில்லை, ஒருவரும் தனியாக விடவில்லை. படியேறி வீட்டுக்குப் போனபோதும், குளித்தபோதும், சீரியல் பார்த்தபோதும், தூங்கியபோதும் நாற்பத்தொரு நெஞ்சும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நாங்கள் இதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டோம். ஐந்தாவது மாடிக்குக் கேஸ் சிலிண்டர் தூக்கிப் போகிறவன் முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லிவிடுவான், மற்றவர்கள் வாயில் இருக்கிற சோற்றை விழுங்கிவிட்டு அவனோடு சேர்ந்து மூச்சு வாங்குவார்கள். இரண்டாவது மாடித் தம்பதி சண்டை போட்டால் மற்ற வீடுகளில் பேச்சு நின்றுவிடும், ஏனென்றால் விடுகிற மூச்சு முழுவதையும் அந்த அம்மாவே ஏசுவதற்கு எடுத்துக்கொள்வார். ஒருவன் சிகரெட் பிடித்தால் நாற்பது பேர் இருமினோம், பிடித்தவன் மட்டும் இருமமாட்டான். ஒருத்தி குளியலறையில் பாம்பைப் பார்த்தாள், தொழிற்சாலையில் வரிசையாக நின்ற பதினெட்டுப் பேர் ஒரே நேரத்தில் திடுக்கிட்டதில் இயந்திரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. குணசேகரன் தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் விதிகளை ஒட்டினார்: ஓடக்கூடாது, திடீரென்று சிரிக்கக்கூடாது, பேய்ப்படம் பார்க்கக்கூடாது. தெம்பு மட்டும் சொல்லி மாளாது. ஓவர்டைம் முடிந்து வந்தவர்கள் பேட்மிண்டன் ஆடினார்கள். எனக்கோ இழுப்பு அடியோடு போய்விட்டது. நாற்பது நல்ல நெஞ்சுகள் எனக்காக இழுத்துக் கொடுத்தன, நான் மல்லாந்து படுத்துத் தூங்கினேன். இழுப்பு வந்தால் வாயில் அடித்துக்கொள்ளும் பம்பை மேஜை இழுப்பறையில் போட்டு மறந்தேன்.

ஒரு சங்கடம் இருந்தது. சாலைகள் சந்திக்கும் வட்டமான ரவுண்டபோட்டைத் தாண்டி எங்களால் போக முடியவில்லை. நாலாவது மாடிக்காரர் தன் தங்கை மகள் கல்யாணத்துக்குக் காரில் கிளம்பி, ரவுண்டபோட்டைக் கடந்த உடனே முகம் நீலம் பாரித்து, எப்படியோ திருப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார். நல்லவேளை தொழிற்சாலையும் என் பள்ளிக்கூடமும் காய்கறி வாங்கும் பாசாரும் இந்தப் பக்கம் இருந்தன. மருத்துவமனை அந்தப் பக்கம் இருந்தது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அருளப்பன் செத்தார். முதல் மாடியில் இருந்தவர், எழுபத்துநாலு வயது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் மூச்சை உள்ளே இழுத்தார், வெளியே விடவில்லை. எங்களுக்கும் வெளியே போகவில்லை. நான் கேண்டீனில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், எண்ணெய் கருகுவது தெரிந்தது, அசைய முடியவில்லை. முப்பத்தெட்டு வினாடி என்று குணசேகரன் பிறகு சொன்னார், அந்த மனுஷர் அப்போதும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். பிறகு எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது, மூச்சு வந்தது. நாங்கள் நாற்பது பேர் ஆனோம்.

அன்றிலிருந்து பிளாட்டில் பயம் குடியேறியது. தெம்புக்காகச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினோம். சர்க்கரை நோய்க்காரர் வீட்டுக்கு யார் லட்டு கொடுத்தது என்று விசாரணை நடந்தது. வயதானவர்களின் கதவை விடியற்காலையில் தட்டி, "எப்டி இருக்கீங்க?" என்று கேட்டோம், அதில் பாசம் ஒரு துளியும் இல்லை. அடுத்த சாவில் முப்பத்தெட்டு வினாடி எழுபதானால் என்ன செய்வது என்று நாற்பது பேரும் நினைத்தோம், நினைக்கும்போது நாற்பது பேர் மூச்சும் சேர்ந்து நடுங்கியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரனே பேயாகத் தெரிந்தான்.

இதற்கு நடுவில் கோகிலவாணியின் வயிறு வளர்ந்தது.

அவளுக்கு இரத்த அழுத்தம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள், பெரிய ஆஸ்பத்திரி ரவுண்டபோட்டுக்கு அந்தப் பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றைப் பற்றி அவள் எட்டாவது மாதத்தில் குணசேகரனிடம் கேட்டாள், நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அங்கிள், வயித்துல இருக்கிறவரைக்கும் அதுக்கு என் மூச்சு. வெளிய வந்துட்டா அது யாரு மூச்ச இழுக்கும்?"

குணசேகரன் விசிலைத் தடவினார். "கூட்டம் போட்டுப் பேசலாம்மா," என்றார்.

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. பிரசவ வலியில் அவள் மூச்சு வாங்கினால் இதய நோயாளிகள் தாங்குவார்களா என்று சிலர் கேட்டார்கள். பிறக்கிற பிள்ளை எங்களோடு சேர்ந்து நாற்பத்தொன்றாகுமா, அது திணறினால் நாமும் திணறுவோமா என்று சிலர் கேட்டார்கள். யாரும் அவளைப் பார்த்துக் கேட்கவில்லை, அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது மருந்துக்கடை ஆ லோக்கின் மகள் மெய் லின் கையில் அந்தப் பழைய தாளோடு வந்தாள். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் எங்கள் பிள்ளைகளோடு வளர்ந்தவள், எங்களில் சிலரைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள்.

"அங்கிள், இத காப்பி எடுத்தீங்களாமே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். "கீழ தேதி இருக்கு பாருங்க, காப்பியில அது விழுகல. அப்பா இத எழுபத்துநாலுல எழுதுனாரு. அது பழைய மணிலா. எண்பத்திரண்டுல கவர்மெண்டு மணிய அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வெச்சிச்சே, மறந்துட்டீங்களா? பழைய மணி அஞ்சுன்னா இப்ப அஞ்சரை."

நாற்பது பேரும் மூச்சை நிறுத்தினோம். நேரம் மாறிய அந்தப் புத்தாண்டில் பஸ் டிப்போவின் கடிகாரத்தைத் தன் கையாலேயே அரை மணி முன்னே தள்ளி வைத்தவர் குணசேகரன். அந்தக் கதையை எங்களுக்கு ஐம்பது தடவை சொல்லியிருக்கிறார்.

"அஞ்சு மணிக்கு நீங்க இழுத்தது கிட்னிக்குப் போகல," என்றாள் மெய் லின். "கிட்னி இன்னும் தொறக்கல. மூத்திரப்பையோட நேரம் அது. கிட்னின்னா அவங்கவங்க மூச்ச அவங்கவங்களுக்கு வேர் புடிச்சு வெக்கும். மூத்திரப்பை அப்டி இல்ல. வர்றத எல்லாம் ஒண்ணாச் சேத்துக்கும்."

யாரோ சிரித்தார், அதனால் நாற்பது பேரும் சிரித்தோம், அதில் ஒருவருக்கும் சந்தோஷமில்லை.

"இப்ப என்னா செய்றது?" என்று குணசேகரன் கேட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

"சரியான அஞ்சரைக்கு எல்லாரும் உள்ள இருக்கிற மூச்ச முழுசா விட்டுறணும். ஒரு சொட்டு மிச்சம் வெக்கக் கூடாது. அப்றம் அவங்கவங்க மூச்சு தானா வரும். அப்பா அப்டித்தான் சொல்வாரு."

"மிச்சம் வெச்சா?" என்று கேட்டது நான்தான்.

"யாருக்காவது அந்த அளவு கொறையும், அண்ணே."

தானாக வரும் என்று சொல்வது சுலபம். வராவிட்டால்? ஒருவன் கிணற்றில் விட்ட கயிற்றை முழுக்கக் கைநழுவ விட்டால்தான் அது மேலே வரும் என்றால் எவன் விடுவான்? அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் ஒருவர். ஆமாம், அடுத்த வாரம் என்றார்கள் எல்லாரும்.

கோகிலவாணி எழுந்து நின்றாள். "எனக்கு அடுத்த வாரம் இல்ல," என்றாள்.

அவள் சொன்னது போலவே ஆயிற்று. நாலாவது நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் எல்லாருக்கும் மேல்மூச்சு வாங்கியது. தொழிற்சாலையிலிருந்து எங்கள் ஆட்களை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். படிக்கட்டில், வராந்தாவில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் இரைத்தோம், அவள் முக்கும்போது முக்கினோம், விடும்போது விட்டோம். அன்றைக்கு ஆம்பளைகளும் பிள்ளை பெற்றார்கள் என்று இப்போது கேலி பேசுவார்கள். அன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை. தனபாலன் ஒருவன்தான் தன் சொந்த மூச்சோடு, மூன்றாவது மாடிக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தான், எங்கள் பயிற்சிக் கூட்டத்தில் ஒருத்தியான ஓய்வு பெற்ற மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அன்னம்மா பிரசவம் பார்க்க உள்ளே இருந்தாள்.

ஐந்து இருபத்தாறுக்குப் பிள்ளை பிறந்தது. அழுகைச் சத்தம் வரவில்லை. கதவு திறந்துதான் இருந்தது, எதிரில் நின்ற எனக்கு எல்லாம் தெரிந்தது: சின்ன உடம்பு, கத்திரிக்காய் நிறம், அன்னம்மா அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "மூச்சு இல்ல, மூச்சு இல்ல," என்று எங்கள் மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்னம்மா அதன் வாயில் ஊதினாள், ஊதியது திரும்பி வந்தது. எங்கள் மூச்சில் நாற்பது பங்குதான் இருந்தது, அதில் அதற்கு இடமில்லை.

கோகிலவாணி கத்தவில்லை. கத்தினால் எங்கள் மூச்சு வீணாகும் என்று நினைத்தாளோ என்னவோ. படுத்தபடியே வாசலைப் பார்த்து, "விடுங்க," என்றாள். "எல்லாரும் விட்டுருங்க. உங்கள கும்பிடுறேன்."

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாங்கள் நின்றபோது குணசேகரன் விசிலை வாயில் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரைக்குச் சரியாக ஊத ஆரம்பித்தவர், முகம் சிவந்து, பிறகு கறுத்து, கழுத்து நரம்பு புடைத்து, சத்தம் மெலிந்து, வெறும் காற்றாகி, அந்தக் காற்றும் தீரும்வரை ஊதினார். அவரோடு எங்கள் எல்லாருடைய நெஞ்சும் ஒடுங்கிக்கொண்டே போனது. உலகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. ஐந்து மாடியிலும் ஒருவரும் மூச்சு விடவில்லை, எடுக்கவில்லை, எல்லாரும் தங்கள் சாவைத் தாங்களே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு முதல் மாடியில் ஒருவர் இழுத்தார், தனியாக. நாலாவது மாடியில் இன்னொருவர். ஒன்றுக்கொன்று பொருந்தாமல், முன்னும் பின்னுமாக, பாசார் திறக்கிற நேரத்துச் சத்தம் போல மூச்சுகள் வந்தன. கடைசியாகப் பிள்ளை அழுதது. எல்லாரும் அழுதார்கள். தரையில் சரிந்திருந்த குணசேகரனைத் தனபாலன் தூக்கிவிட்டான், எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

ஆனால் நான் விடவில்லை. மூச்சு பொதுவாக இருந்தாலும் தொண்டை அவரவருடையது. குணசேகரன் ஊதி ஊதித் தீர்த்தபோது, எனக்கு என் படுக்கையும் இருட்டும் ஞாபகம் வந்து, தொண்டையை இறுக்கிக்கொண்டேன். ஒரு வாய் மூச்சு, அவ்வளவுதான். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு வாய் என் நெஞ்சின் அடியில் இருந்தது, அது இருந்தவரை எனக்கு இழுப்பு வரவே இல்லை.

பிள்ளைக்கு மிருதுளா என்று பேர் வைத்தார்கள். அவள் நன்றாக வளர்ந்தாள், ஒரு குறை தவிர. தினமும் மாலை ஐந்தரைக்கு அவள் மூச்சு நின்றது. குழந்தையாக இருந்தபோது நாலு எண்ணும் நேரம். நடக்கத் தொடங்கியபோது ஏழு. பாலர் பள்ளிக்குப் போனபோது பதினொன்று. எத்தனையோ டாக்டர்கள் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஐந்தரைக்கு அவள் விளையாட்டை நிறுத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, உதடு நீலமாகி, கண்ணை அகலமாக விரித்துக்கொண்டு நிற்பாள், பிறகு இழுப்பாள். எனக்கு அந்தக் கண் தெரியும். ஐம்பது வருஷம் கண்ணாடியில் பார்த்த கண்.

பிள்ளை நடக்கத் தொடங்கியதிலிருந்து கோகிலவாணி அவளை ஒவ்வொரு நாளும் ஐந்தே காலுக்கு என் வீட்டுக்கு அனுப்பினாள். கையில் ஏதாவது கிண்ணம் இருக்கும், ஒரு நாள் கேசரி, ஒரு நாள் வடை. "பெரியப்பாவோட உக்காந்து சாப்ட்டு வா," என்று அங்கிருந்தே சொல்லுவாள். நான் எதிர்வீட்டுப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. ஐந்தரைக்கு என் பக்கத்திலேயே அவள் மூச்சு நிற்கும், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பேன்.

அவளுக்கு ஆறு வயது முடிந்த வாரம், ஒரு புதன்கிழமை, கோகிலவாணியும் கூட வந்தாள். கிண்ணம் இல்லை. பிள்ளையை என் முன்னால் உட்கார வைத்துவிட்டு அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"நேத்து என் வாசல்ல நின்னு பதினேழு வரைக்கும் எண்ணுனேன், அண்ணே," என்றாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அன்னிக்கு நான் படுத்திருந்த எடத்துலேந்து ஒங்க நெஞ்சுதான் எனக்கு நேரா தெரிஞ்சிச்சு. எல்லாரு நெஞ்சும் ஒட்டிப் போச்சு. ஒங்களோடது மட்டும் ஒட்டல." அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "நீங்களா கொடுப்பீங்கன்னு பாத்தேன். புள்ளய பாத்தா மனசு வரும்னு தெனமும் அனுப்புனேன். ஆறு வருசம் ஆச்சு. எண்ணுறது இருபது ஆனா அவ உயிரோட திரும்ப மாட்டாண்ணே."

"எனக்குப் பயம்மா," என்றேன். "வராமப் போயிட்டா?"

"எனக்கும் அன்னிக்குப் பயமாத்தான் இருந்திச்சு. எல்லாருக்கும்தான் இருந்திச்சு."

ஐந்தரை ஆனது. மிருதுளாவின் தோள் நின்றது. கோகிலவாணி அவளைத் தொடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள், ஒன்று, இரண்டு, மூன்று என்று, சத்தமாக, ஆறு வருஷமாக எதிர்வீட்டிலிருந்து வந்தும் நான் கேட்காதது போல் இருந்த அந்த எண்களை. பதினாலில் பிள்ளையின் நகம் கறுத்தது. அவள் என் கட்டைவிரலைப் பிடித்தாள். நான் வாயைத் திறந்தேன். தொண்டையின் அடியிலிருந்து அது கிளம்பியது, சின்னதாக, பழையதாக, கொஞ்சம் விசில் சத்தத்தோடு, போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் போன பிறகும் இன்னும் கொஞ்சம் போனது. மிருதுளா ஒரு பெரிய மூச்சு இழுத்தாள். கோகிலவாணி எண்ணுவதை நிறுத்தினாள்.

நான் காத்திருந்தேன். கண் இருட்டியது, மேஜையைப் பிடித்துக்கொண்டேன், இதுதான் கடைசி என்று நினைத்தேன். பிறகு என் மூச்சு வந்தது. கொஞ்சம் இழுத்துக்கொண்டு, நெஞ்சில் கரகரப்போடுதான் வந்தது, ஆனால் வந்தது, எல்லாருக்கும் வருவது போலச் சும்மா வந்தது. இழுப்பறையில் பம்ப் இருந்திருக்கிறது, கடையில் புதுசும் கிடைக்கும். இதற்காகவா என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது, ஆறு வருஷம் அந்தப் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்து வாய்விட்டு அழுதேன்.

கோகிலவாணி மகளின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். நன்றி என்றோ, பாவி என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஐந்தே காலுக்கு நான் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டில் மிருதுளா பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியாடுகிற சத்தம் ஐந்தரைக்கும் நிற்காமல் கேட்டது. அவள் என் வீட்டுக்கு வரவில்லை.